அட்டவணையில் இல்லாத ஊர்

என் ஜெராக்ஸ் கடையின் பின்னறையை மெர்லின் வாடகைக்கு எடுத்த புதிதில், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களிடம் "தீசிஸ் டைப் பண்ற பொண்ணு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அது ஒரு நாள் அவள் காதில் விழுந்துவிட்டது. "பாய், நான் டைப் பண்றவ இல்ல. இன்னொரு தடவ அப்டிச் சொன்னீங்கன்னா மெஷின்ல பேப்பர் மாட்டுனா எடுத்துத் தர மாட்டேன்" என்றாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. என் பெரிய மெஷினில் சிக்குகிற தாளைக் கிழியாமல் உருவி எடுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

அதற்குப் பிறகுதான் அவள் வேலையைக் கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்தேன். புதுக்கோட்டை வடக்கு ராஜ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறான் என்று என் வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி நாள் முழுக்க மோட்டுவளையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தால், என்ன யோசிக்கிறாள் என்று கேட்காமல் எப்படி இருப்பது?

மெர்லினுக்கு முப்பத்து மூன்று வயது. ஆவூர்ப் பக்கம் அடைக்கலபட்டி. மாதா கோயில், அதைச் சுற்றி வீடுகள், ஊருக்கு வெளியே கல் குவாரிகள், அவ்வளவுதான் ஊர். திருச்சியில் புள்ளியியல் படித்துவிட்டு, ஒரு தனியார் கல்லூரியில் சில வருடம் பாடம் நடத்தி, அங்கே ஒத்துவராமல் வெளியே வந்தவள். இப்போது ஆராய்ச்சி மாணவர்கள், விவசாய அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் என்று யார் யாரோ எண்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அவளிடம் கொட்டுகிறார்கள். அந்த மூட்டையைப் பிரித்து, எதனால் எது நடக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஆர் என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்த ஒரு கணினி மொழி இருக்கிறது. அதில் அவள் எழுதுவது பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான். ஃபார்முலா என்பாள். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை மோட்டுவளைப் பார்வை.

ஒரு மழை நாள், கடையில் ஈ காக்கை இல்லை. "ஒங்க கடைக்கே ஒரு ஃபார்முலா எழுதித் தாரேன் பாய்" என்று ஒரு வீணான தாளைத் திருப்பி எழுதினாள்:

வியாபாரம் ~ பரீட்சை + மழை

"நடுவுல இருக்குல்ல, அலைக்கோடு? அதுக்கு இடது பக்கம், நமக்கு எது தெரியணுமோ அது. வலது பக்கம், நமக்கு யாரு மேல சந்தேகமோ அவங்க."

"பரீட்சையையும் மழையையும் எப்படிம்மா கூட்டுறது?"

"அது கூட்டல் இல்ல பாய். இவரையும் விசாரிங்கன்னு அர்த்தம். மழைய சமமா வச்சுக்கிட்டா பரீட்சை என்ன பண்ணுது, பரீட்சைய சமமா வச்சுக்கிட்டா மழை என்ன பண்ணுதுன்னு தனித்தனியாப் பாக்கும்."

நான் விடவில்லை. "கரண்ட்டு போறத விட்டுட்டியே. மழை பேஞ்சா இங்க கரண்ட்டு போயிரும். அதனாலதான் பாதி நாள் வியாபாரமே இல்ல."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதான் சங்கதியே. எத விடுறோமோ, அது செஞ்ச வேலைக்கு மத்தவன் பேர்ல பழி விழும். மழைதான் ஒங்க கடையக் கெடுக்குதுன்னு எழுதி வச்சிருவோம்."

இவ்வளவு விளங்கிய பிறகு எனக்கு அந்த ஆராய்ச்சி மாணவர்கள் மேல் கோபம் வர ஆரம்பித்தது. வந்து உட்கார்ந்ததும், "மேடம், எப்படியாவது ஸ்டார் வர வைங்க" என்பார்கள். தற்செயலாக வந்திராது என்று கொஞ்சம் நம்பக்கூடிய எண்ணாக இருந்தால் அந்த மொழி பக்கத்தில் குட்டி நட்சத்திரம் போடுமாம். நட்சத்திரம் இல்லாவிட்டால் கைடு திட்டுவாராம். வலது பக்கத்தில் ஒன்றைச் சேர்த்து, ஒன்றை எடுத்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் எப்படியும் ஓரிடத்தில் நட்சத்திரம் எரியத்தான் செய்யும். மெர்லின் அதற்கு மட்டும் மசிய மாட்டாள். டேட்டாவைத் திறப்பதற்கு முன்பே ஃபார்முலாவை எழுதி, வந்தவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள். அனுப்பிய பிறகு மாற்றுவது கிடையாது. முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றினால் அது விசாரணை இல்லை, ஜோடிப்பு என்பாள். இதனாலேயே பாதிப் பேர் திருச்சிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். எனக்குக் கூடத் தோன்றும், இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு வீம்பு எதற்கு என்று.

போன சித்திரையில் முத்துராமன் என்றொருவர் வந்தார். ஒரு டிரஸ்டின் ஒருங்கிணைப்பாளர். வெயிலில் பைக்கில் அலைந்து கறுத்துப்போன, பேசும்போதே மூன்று போன் வருகிற ஆள். ஆவூர்ப் பக்கம் ஏழு ஊர்களில் அவர்கள் மாலை வகுப்பு நடத்துகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது. வருடக் கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வாசிப்புத் தேர்வு வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

"அடுத்த வருஷம் ஆறு சென்டருக்குத்தாங்க அனுமதி" என்றார். "எது பின்தங்கி நிக்குதோ அதை நிறுத்திருவாங்க. நாங்களா முடிவு பண்ணா பாரபட்சம்னு பேச்சு வரும். நீங்க கணக்குப் போட்டு குடுத்துருங்க."

ஊர்ப் பட்டியலைப் பார்த்ததும் மெர்லின் சொன்னாள்: "சார், இதுல அடைக்கலபட்டி எங்க ஊரு. அங்க டீச்சரா இருக்கிற ஞானசெல்வி எங்க அக்கா. வேற ஆளப் பாத்துக்கங்களேன்."

"தெரியும்ங்க. அவங்கதானே ஒங்க நம்பரே குடுத்தாங்க. ஒங்கள நம்பாம யாரை நம்புறது?" என்றார் அவர். அதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது.

ஞானசெல்வியை எனக்குத் தெரியும். மெர்லினுக்கு ஆறு வயது மூத்தவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது பிளஸ் டூவோடு நின்றவள், அம்மா போன பிறகும் எங்கேயும் போகவில்லை. தங்கையைப் படிக்க வைத்தாள், தம்பி லியோவை மஸ்கட்டுக்கு விமானம் ஏற்றினாள். மாதத்துக்கு ஒரு முறை கீரனூரில் பஸ் மாறி, ஒரு தூக்குச்சட்டியோடு என் கடைக்கு வருவாள். தங்கைக்கு மீன்குழம்பு, எனக்கு ஒரு கிண்ணம். அந்த மாலை வகுப்பு வந்த பிறகுதான் அவள் பேச்சில் தன்னைப் பற்றி என்று ஏதாவது இருந்தது. என் பிள்ளைங்க, என் சென்டரு, என் போர்டு என்பாள். அதற்கு முன்பு அவள் வாயில் என் என்ற சொல்லையே நான் கேட்டதில்லை.

முத்துராமன் கொண்டுவந்த தாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்னென்ன விவரம் இருக்கிறது என்று மெர்லின் கேட்டுக்கொண்டாள். வருடக் கடைசி மதிப்பெண், வருகை நாள், பள்ளியில் எத்தனாம் வகுப்பு, எந்த ஊர். சேர்ந்த அன்று பிள்ளைக்கு எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்று ஒரு தொடக்க மதிப்பெண்ணும் உண்டு. "ஆனா அடைக்கலபட்டியில மட்டும் அது எடுக்கலைங்க" என்றார் முத்துராமன். "ஒங்க அக்கா மாட்டேன்னுட்டாங்க. வந்த மொத நாளே வாசிச்சுக் காட்டச் சொன்னா அந்தப் பிள்ளைங்க மறுநா வராதுன்னு சொன்னாங்க. கட்டத்துல எல்லாம் கோடு போட்டு குடுத்துட்டாங்க."

அன்று முழுக்க மெர்லின் மோட்டுவளையைப் பார்த்தாள். சாயங்காலம் ஒரு வரி எழுதி முத்துராமனுக்கு அனுப்பினாள்:

மதிப்பெண் ~ வருகை + வகுப்பு + ஊர்

தொடக்க மதிப்பெண் அதில் இல்லை. அதை ஏன் விட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் டேட்டாவை உள்ளே விட்டு ஓட்டினாள். நான் கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்கு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக முடிவு வந்ததும் "ஆச்சு பாய்" என்று ஒரு சத்தம் வரும். அன்று வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  கடைசியில் அந்த அட்டவணையை அச்சடித்து, கீழே ஒரு குறிப்பும் எழுதி, முத்துராமனுக்கு அனுப்பிவிட்டு வெயில் தாழ்வதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

முத்துராமன் அவசரக்காரர். அந்தத் தாளை போனில் படம் பிடித்து, கீழே இருந்த குறிப்பை வெட்டிவிட்டு, டீச்சர்கள் குழுவில் போட்டுவிட்டார். ஏழு மையங்களின் முடிவு என்று மேலே ஒரு வரி. உள்ளே ஆறு ஊர்தான் இருந்தது.

அடுத்த நாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே ஞானசெல்வி வாசலில் நின்றாள். தூக்குச்சட்டி இல்லை. அவள் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மெர்லின் வந்ததும் வராததுமாக அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, எங்க ஊரு எங்க? எல்லாரும் போன் போட்டுக் கேக்குறாளுக, என்னக்கா ஒங்க சென்டர எடுத்துட்டாங்களான்னு. அக்கா ஊரு இருந்தா பேச்சு வரும்னு நீயே எடுத்துட்டியா? ஒரு வருஷம் நாய் மாதிரி ஒழச்சிருக்கேன்டி நான்!"

"எடுக்கலக்கா. உள்ளதான் இருக்கு. மொதல்ல ஒக்காரு."

"இல்லாதத இருக்குன்னு சொல்லாத. நான் ஒன்ன மாதிரி படிக்கலன்னாலும் ஊரு பேரு வாசிக்கத் தெரியும்."

மெர்லின் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தரையில் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "ஊரு மாதிரி ஒரு விஷயத்த வலது பக்கம் குடுத்தா, இந்த மொழி ஒரு ஊர அடிப்படையா எடுத்துக்கும்க்கா. அகர வரிசையில எது முன்னாடி வருதோ அது. ஏழுல நம்ம ஊருதான் முன்னாடி. அதுக்குத் தனியா வரி போடாது. மத்த ஆறு ஊரும் நம்ம ஊர விட எவ்வளவு கூட, எவ்வளவு கொறைச்சல்னு மட்டும் எழுதும். அந்தப் படத்துல இருக்கிற எல்லா எண்ணும் நம்ம ஊர்ல இருந்து அளந்ததுதான்."

ஞானசெல்வியின் முகம் மெல்ல இளகியது. "அப்ப எங்கள வச்சுத்தான் எல்லாரையும் அளந்துருக்கா?"

"ஆமாக்கா."

"பாத்தீங்களா பாய்" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அவர்கள் வீட்டிலும் அதே கதைதானே என்று நினைத்துக்கொண்டேன். அக்காவைவிட நிறம், அக்காவைவிடப் படிப்பு, அக்கா மாதிரிப் பொறுமை கிடையாது என்று மெர்லினையும் லியோவையும் பற்றிச் சொந்தக்காரர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஞானசெல்வி எப்படி என்று யாரும் சொன்னதில்லை.

அவள் போனில் அந்தப் படத்தை மறுபடியும் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு ஊராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"எல்லாத்துக்கும் கூட்டல்ல இருக்கேடி. கழித்தல் ஒண்ணுமே இல்லையே."

மறுபடியும் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள்.

"அப்டின்னா எல்லா ஊரும் எங்கள விடக் கூட. அப்ப நாங்க கடைசியா?"

"ஆமாக்கா" என்றாள் மெர்லின்.  "நேத்து அது வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அடிப்படை ஊரு எதுன்னு கீழ எழுதித்தான் அனுப்புனேன். அவரு அத வெட்டிட்டாரு. ராத்திரி குரூப்புல பாத்தப்ப, சரி, விட்டுப்போச்சுன்னே நெனச்சுக்கட்டும்னு ஒரு நிமிஷம் எனக்கே தோணிருச்சு."

 யாரோ ஆதார் அட்டையை நீட்டி இரண்டு காப்பி கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞானசெல்வி அழவில்லை. நியாயம் கேட்டாள். "எங்க பிள்ளைங்க எங்க இருந்து வந்துச்சுங்கன்னு ஒன் மொழிக்குத் தெரியுமா? ஒன்னு குவாரிப் பிள்ளைங்க, இல்லாட்டி செங்கச் சூளைக்குப் போயிட்டு வருஷத்துல பாதி ஊர்லயே இல்லாத பிள்ளைங்க. மத்த ஊர்ல ஓரளவு வாசிக்கிற பிள்ளைங்கதான் வந்து ஒக்காந்துச்சு. என்கிட்ட வந்தது அஞ்சாவது படிச்சும் அ ஆ தெரியாதது. அதுங்க இன்னிக்கு வரி வரியா வாசிக்குதுங்க. அது கணக்குல வராதா?"

"வரணும்க்கா. அதத்தான் தொடக்க மதிப்பெண்ணுன்னு வச்சிருந்தாங்க."

அப்போதுதான் மெர்லின் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மொழிக்கு ஒரு குணம் உண்டு. ஃபார்முலாவில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால், எந்தப் பிள்ளைக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்தப் பிள்ளையையே கணக்கிலிருந்து ஒதுக்கிவிடும். கூச்சல் போடாது. கடைசியில் ஓரமாக ஒரு வரியில், இத்தனை விடுபட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடும். தொடக்க மதிப்பெண்ணைச் சேர்த்தால் அடைக்கலபட்டியில் ஒரு பிள்ளைகூட மிஞ்சாது. ஊரே நிஜமாகவே அட்டவணையில் இருக்காது. அதற்குப் பயந்துதான், அக்காவின் ஊர் உள்ளே இருக்கட்டும் என்றுதான், தொடக்க மதிப்பெண்ணை அவள் முதலிலேயே விட்டிருக்கிறாள்.

"ஒன் ஊர உள்ள வைக்கணும்னு நெனச்சு, ஒன் ஊருக்காகப் பேசியிருக்க வேண்டிய ஒரே சாட்சியத் தள்ளிட்டேன்க்கா" என்றாள்.

 கரண்ட்டை விட்டால் மழை பேரில் பழி விழும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் இவள்தான்.

முத்துராமனுக்கு போன் போட்டது நான்தான். இவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகப்போகிறது? ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான். "அவ்வளவுதானே பாய், டீச்சருக்கு எல்லாப் பிள்ளையும் ஞாபகம் இருக்கும். சேர்ந்தப்ப எப்டி இருந்துச்சுன்னு இப்பவே நிரப்பித் தரச் சொல்லுங்க. மெர்லின் மேடம் அதைச் சேத்து திரும்பப் போடட்டும். நான் ஏத்துக்கறேன்" என்றார்.

பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். ஞானசெல்வியும் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டாள். மெர்லின் தலையை ஆட்டினாள்.

"வேணாம்க்கா. முடிவ பாத்துட்டோம். எந்த எண்ணு போட்டா நமக்கு நல்லதுன்னு இப்ப ஒனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கப்பறம் எழுதுறது அளந்த எண்ணு இல்ல."

"நான் பொய் எழுதுவேங்கிறியா?"

"அப்டிச் சொல்லல."

"அதத்தான்டி சொல்ற. ஒவ்வொரு பிள்ளையும் வந்து வாசல்ல எப்டி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளை எந்த எழுத்துல முட்டிக்கிட்டு நின்னுச்சுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஸ்டார் வேணும்னு ஒன்கிட்ட வர்றவனும் நானும் ஒண்ணா?"

நானும் குறுக்கே விழுந்தேன். எனக்கு அப்போது மெர்லின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "கூடப் பொறந்தவம்மா அவ. ஒன் சட்டத்த ஒரு நாளைக்கு மூட்ட கட்டி வச்சா என்ன கொறைஞ்சு போயிரும்? அந்த ஆபீஸரே சரின்னுட்டாரு!" என்று கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

 மெர்லின் உள்ளே போய், பிள்ளைகளின் பெயர் வரிசையை அச்சடித்துக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தாள். பெயருக்குப் பக்கத்தில் காலிக் கட்டங்கள். பூஜ்யம் என்றால் எழுத்தே தெரியாது, ஐந்து என்றால் பத்தி பத்தியாக வாசிக்கும் என்று மேலே எழுதினாள்.

"ஒனக்கு எது உண்மைன்னு தோணுதோ அத எழுதுக்கா. நான் கேள்வி கேக்க மாட்டேன். எழுதி முடிச்சதும் போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டாள். சட்டத்தை விட்டுக்கொடுத்த முகத்தோடு போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஞானசெல்வி பேனாவைத் திறந்தாள். முதல் பெயர் சேரன்.

"இவன் குவாரியில லாரி ஓட்டுற இருளாண்டி மகன் பாய். வந்த அன்னிக்கு ஒரு எழுத்து தெரியாது. புஸ்தகத்தத் தலகீழாப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கிற மாதிரி வாய அசைப்பான். இவனுக்குப் பூஜ்யம்தான்."

"போடும்மா."

போடவில்லை. அடுத்த பெயருக்குப் போனாள். செவந்தி. "இவளுக்கும் அதேதான். பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல நிக்க வச்சிருக்காங்க. வாசிக்கச் சொன்னா மூத்திரம் வருதுன்னு ஓடிருவா." அங்கேயும் பேனா இறங்கவில்லை.

இப்படியே விரலை வைத்துக்கொண்டு கீழ்வரை வந்தாள். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒன்று சொன்னாள். தாள் வெள்ளையாகவே இருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "பாய், இதுல எவ்வளவுக்கெவ்வளவு கொறச்சுப் போடுறேனோ, அவ்வளவுக்கவ்வளவு எனக்கு நல்ல பேரு. அப்டித்தானே?" என்றாள்.

"அப்டித்தாம்மா. ஆனா நீ பொய்யாப் போடலையே. உள்ளதத்தானே போடுற."

"உள்ளதுதான். எல்லாத்துக்கும் பூஜ்யமும் ஒண்ணும்தான் வரும். அது உண்மைதான்." பேனாவை மூடினாள். "போற எடத்துல எல்லாம் பூஜ்யம் வாங்கிட்டுத்தான் பாய் இதுங்க என்கிட்ட வந்துச்சு. இங்க சேர்றதுக்கு மார்க்கு கிடையாதுன்னு நான் சொன்னதாலதான் ஒக்காந்துச்சு. இப்ப என் சென்டரு நிக்கணும்னு என் கையால அதையே எழுதச் சொல்றீங்களா? என்னால முடியல."

 பத்து நிமிஷத்துக்கு முன்னால் கத்தியவன் நான்தான்.

மெர்லின் டீயோடு திரும்பி வந்தாள். தாளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் எடுக்கலன்னா எடுக்கலதான். கடைசின்னே அனுப்பு" என்றாள் ஞானசெல்வி. "ஆனா மறைச்சு வைக்காத. எங்க ஊருக்கும் ஒரு வரி போடு."

அதற்கும் அந்த மொழியில் வழி இருக்கிறது. வலது பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டு, அதையடுத்து ஊரை எழுதினால், யாரையும் அடிப்படையாக வைக்காமல் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் எண்ணையே சொல்லும். விசாரிக்கும் விஷயம் ஒன்றும் மாறுவதில்லை, எழுதிக் காட்டும் விதம்தான் மாறுகிறது என்று மெர்லின் சொன்னாள். அட்டவணையில் இப்போது ஏழு வரிகள். அடைக்கலபட்டி அகர வரிசையில் முதலில் நின்றது, எண்ணில் கடைசியாக இருந்தது. கீழே மெர்லின் ஒரு பத்தி எழுதினாள்: இந்த அட்டவணை பிள்ளைகள் எங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறது, எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதைச் சொல்லவில்லை, எனவே இதை வைத்து எந்த மையத்தையும் மூட வேண்டாம். அதைப் படமாக அனுப்பாமல், முத்துராமனை வரச்சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கையில் கொடுத்தாள். அவர் முழுக்க வாசித்தார். "மேல இருக்கவங்க பத்தியெல்லாம் படிப்பாங்களான்னு தெரியலைங்க" என்று மட்டும் சொன்னார்.

படிக்கவில்லை. ஜூன் முதல் வாரம் அவரே போன் செய்தார். அடைக்கலபட்டி மையம் இந்த வருடம் இல்லை என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அன்று ஞானசெல்வி கடையில்தான் இருந்தாள். பள்ளி திறக்கப்போகிறதே என்று பிள்ளைகளுக்கு வாசிப்புத் தாள்கள் காப்பி எடுக்க வந்திருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெர்லின் போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளே அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தான்க்கா ஒன் சென்டர மூடுனேன். மொத நாளே ஒன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற வழி யோசிச்சிருக்கலாம். அந்த ஒரு வரிய எழுதும்போது ஒன்னக் கேக்கணும்னே எனக்குத் தோணல" என்றாள்.

ஞானசெல்வி தங்கையின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மெஷின் நின்றது. காப்பிகளை எடுத்துத் தட்டி அடுக்கினாள்.

"திங்கக்கெழம சாயங்காலம் பிள்ளைங்க வந்து நிக்கும்" என்றாள். "சென்டரு இல்லன்னா ஏன்னு கேக்கும். சேரன் கேக்காம விடமாட்டான். என்ன சொல்றது? நீங்க கடைசி, அதனால மூடிட்டாங்கன்னா?"

காப்பிகளுக்கு ரப்பர் பேண்டு போட்டாள்.

"அத அதுங்ககிட்ட சொல்றதுக்கு, பேசாம நானே கதவத் தொறந்து வச்சிரலாம்."

தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். மெர்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பை மூடி, செருப்பை மாட்டினாள். "நில்லுக்கா, நானும் வாரேன்" என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினாள்.

சாயங்காலம் ஒரு ஆராய்ச்சி மாணவர் வந்து மேடம் எங்கே என்று கேட்டார். வாசிக்கச் சொல்லிக் கொடுக்கப் போயிருக்கிறாள், செவ்வாய்க்கிழமை வாங்க என்றேன்.